நீண்ட மூக்கும் கனத்த முதுகும்

அறுபதுகளின் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டுப் பேச வந்தேன். நான் மைக்கைத் தொடுவதற்குள் முன்வரிசையில் ஒருவர், "எது வேகம், அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். சரி, சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஜாகுவார் இ-டைப். மணிக்கு 240 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். ஜெர்மனியின் போர்ஷே 911 ஆரம்பத்தில் 210ஐத் தொட்டதே பெரிது, விலையோ கூடுதல். ஆனால் ஜாகுவார் 1974இல் நின்றுபோனது. 911 இன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஏன்?

இ-டைப்பை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். அந்த வளைவுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. காற்று எப்படி வழுக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்த கோடுகள். ஆறு சிலிண்டர், 3.8 லிட்டர், 265 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 1961 மார்ச், ஜெனீவா கண்காட்சி. ஓட்டிப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்ததில் கொண்டுபோன கார் போதவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்குச் செய்தி போனது. மனிதர் இன்னொரு காரை இரவோடு இரவாக ஓட்டிவந்து காலையில் ஜெனீவாவில் நிறுத்தினார்.

அப்படி வந்திறங்கிய காரில் திருத்த என்ன இருக்கிறது? முதல் கியர் முரண்டு பிடிக்கும், காலை நீட்ட இடமிருக்காது, அவ்வளவுதான். பிறகு அமெரிக்க விதிகளுக்காக விளக்கின் கண்ணாடி மூடி போனது. 1971இல் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினைத் திணித்தார்கள். என் கண்ணுக்கு, ஒல்லியாயிருந்தவர் உடம்பு போட்ட பிறகும் பழைய சட்டையிலேயே வந்து நிற்பதுபோல இருந்தது.

911 கதை வேறு. 1963இல் பிராங்க்ஃபர்ட்டில் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ மறிக்க, 911 ஆனது. 130 குதிரைத்திறன் என்ஜின், காற்றிலேயே குளிர்வது. அதைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டார்கள். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தீர்ந்தது: பாரம் முன்னே சாயும், பின்சக்கரம் பிடி விடும், கனத்த பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும்.

இதற்குத் தொழிற்சாலை கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? முன் பம்பரின் இரு ஓரத்திலும் தலா 11 கிலோ இரும்புக் கட்டி! தராசில் படிக்கல் வைக்கிற மாதிரி. 1969 மாடலில்தான் பின்சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். என்ஜின் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. அந்தக் குறை இருந்ததால்தான் அவர்கள் அந்தக் காரை விடாமல் நோண்டிக்கொண்டே இருந்தார்கள் என்பது என் கட்சி.

நடுவில் கம்பெனிக்கே அலுத்துவிட்டது. 1977இல் என்ஜினை முன்னால் வைத்து 928 வந்தது, 911இன் இடத்தைப் பிடிக்க. 1981இல் பீட்டர் ஷூட்ஸ் தலைமைக்கு வந்தார். பொறியாளர் ஹெல்முத் போட்டின் அறையில், எந்த மாடல் எதுவரை தயாராகும் என்று காட்டும் ஒரு வரைபடம். மற்ற மாடல்களின் கோடுகள் நீண்டுகொண்டு போக, 911இன் கோடு மட்டும் அந்த வருடத்தோடு நின்றது. பின்னாளில் ஷூட்ஸே சொன்ன கதை இது: மார்க்கரை எடுத்தார், அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவரில் இழுத்து, கதவுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்.