தண்ணீரை விடுங்கள், சேற்றைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவித் தண்ணீரைப் போத்தலில் அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பார உலோகம் குறைவு என்று அறிக்கை வந்ததும் நிம்மதியாகிறோமே, அந்த நிம்மதியோடுதான் இன்றைக்கு எனக்குச் சண்டை.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயலில் போடுகிற பொஸ்பேற்றுப் பசளைக்குள் கட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இயல்பாகவே இருக்கும், நகரத்து வடிகானில் செம்பும் ஈயமும் வரும். மாரி மழைக்கு இவை களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வாவிக்குள் இறங்கும். அங்கே உப்புத்தண்ணீர் பட்டதும், புளி விட்ட பால் திரிவது மாதிரி, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பாரமாகி அடியில் படியும். தண்ணீர் தெளிவு, சரக்கு சேற்றில். கட்மியத்துக்கு மட்டும் வேறு குணம்: கடலுப்பிலுள்ள குளோரைட்டு அதைத் துகளிலிருந்து பிரித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். ஒரே வாய்க்காலில் சேர்ந்து வந்தவை ஆளுக்கொரு வழி போகும்.

சரி, சேற்றில் கிடந்தால் கிடக்கட்டுமே என்பீர்கள். எங்கே கிடக்கிறது? சுமார் 56 கிலோமீட்டர் நீள வாவி கடலோடு சேர்வது பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும்தான். கோடையில் வாய் மணலால் மூடிப்போய், தண்ணீர் அசையாமல் அடியில் ஒட்சிசன் குறைந்தால், சேற்றிலுள்ள இரும்பு, மங்கனீசு ஒட்சைட்டுகள் கரையத் தொடங்கும், அவை பிடித்து வைத்திருந்த ஆசனிக் என்ற நஞ்சும் பொஸ்பேற்றும் மேலே வரும். செம்பும் ஈயமும் நேர்மாறு. கண்டல் மரத்தடிச் சேறு அழுகிய முட்டை மாதிரி நாறுகிறதல்லவா, அந்தச் சல்பைட்டுதான் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. நாற்றம் பிடிக்கவில்லை என்று சேற்றைத் தோண்டிக் கரையில் குவித்தால், காற்றுப்பட்டுச் சல்பைட்டு சிதையும், கட்டும் அவிழும், அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப வாவிக்கு. தூர்வாரத் திட்டம் வந்தால், தோண்டுவதற்கு முன்பு சேற்றைச் சோதித்தீர்களா, அள்ளியதை எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு ஆழம் என்பதை அப்புறம் கேட்கலாம்.

இதே ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள் இரசத்தை, அதாவது பாதரசத்தை, மெதைல் இரசமாக மாற்றுகின்றன. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் நரம்பு நோயாக வெளிப்பட்டது இந்த வடிவம்தான், அங்கே அது ஆலைக்கழிவோடு நேரே கடலுக்குப் போனது. பாசியிலிருந்து சிறுமீனுக்கு, சிறுமீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு வாய்க்கும் அளவு கூடும்.

அப்போ மீனை விடுவதா? வேண்டவே வேண்டாம், சூடை, கீரி போன்ற சிறுமீன்களைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. இரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் அவித்தாலும் பொரித்தாலும் போகாது. நண்டில் கட்மியம் சேருவது வெள்ளைச் சதையைவிட ஓட்டுக்குள் இருக்கும் அந்த மஞ்சள் பகுதியில்தான் கூட, ஆகவே அதை எடுத்துவிட்டுக் கறி வைக்கலாம். நண்டுப் பிரியர்கள் என்னை முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது.