காலிக் கல்லறைக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம்

அன்பான சபையாரே, நண்பர்களே,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்பதற்காக வாதாடுகிற நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பதில் போதும் என்கிற இடத்தில் பத்துப் பதில் சொல்வோம். அந்தப் பத்தில் ஏழு நொண்டியாக இருக்கும். கேட்கிறவர் விவரமானவர் என்றால் அந்த ஏழு பதில்களைத்தான் பிடித்துக்கொள்வார். நல்ல பதில் மூன்றும் அவற்றோடு சேர்ந்தே அடிபட்டுப் போகும். அதனால் முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன்.

இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படுகிற டூரின் துணியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1988-ல் மூன்று ஆய்வுக்கூடங்கள் கார்பன் சோதனை செய்து, அது 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்ட துணி என்றன. அந்த முடிவை எதிர்த்து இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். வழக்கில் இருக்கிற ஒரு துணிமேல் விசுவாசத்தைத் தொங்கவிட வேண்டியதில்லை. அடுத்தது நாசரேத் கல்வெட்டு. கல்லறையிலிருந்து பிணத்தை எடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கிரேக்க மொழியில் பொறித்த பளிங்குப் பலகை அது. இயேசுவின் கல்லறை காலியானதைக் கேள்விப்பட்ட ரோம அரசு போட்ட ஆணை என்று பல பிரசங்கங்களில் வருகிறது. 2020-ல் வெளியான ஆய்வு அந்தப் பளிங்கை கிரேக்கத் தீவான கோஸின் கல் என்று காட்டியது. இனி அதை எருசலேமோடு முடிச்சுப் போடுவது கடினம். 'இரண்டு டன் கல்' என்பதும் வேதத்தில் இல்லை. கல் மிகவும் பெரிதாயிருந்தது என்று மாற்கு சொல்கிறார், எடை போடவில்லை.

நாம் அதிகம் தவறுகிற இடம் இன்னொன்று. "பதினொரு சீஷரும் இதற்காக உயிரைக் கொடுத்தார்கள், பொய்க்காக யாராவது சாவானா?" என்று கேட்கிறோம். பதினொருவரின் முடிவுக்கும் ஒரே தரத்தில் ஆதாரம் இல்லை. பேதுருவின் மரணத்துக்கும் பவுலின் மரணத்துக்கும் பழைய சாட்சியம் இருக்கிறது. செபெதேயுவின் மகன் யாக்கோபு வெட்டப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆண்டவரின் சகோதரன் யாக்கோபு கி.பி. 62-ல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்களைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பகுதி பிற்கால மரபு. உறுதியாகத் தெரிந்த நால்வரைச் சொல்லுங்கள், அதற்கே கனம் உண்டு. அதிலும் அவர்களுடைய மரணம் நிரூபிப்பது அவர்கள் மனதார நம்பினார்கள் என்பதை மட்டும்தான். நம்பியது நடந்ததா என்பது அடுத்த கேள்வி.

சரி, மிச்சம் என்ன? ஒரு கடிதத்தின் சில வரிகள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பதினைந்தாம் அதிகாரம், மூன்றாம் வசனத்திலிருந்து பாருங்கள். "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்று தொடங்குகிறார். 'அடைந்தது', 'ஒப்புவித்தது' என்பவை பாடத்தை ஆசிரியரிடம் கேட்டு அப்படியே மாணவருக்குக் கடத்துவதற்கு யூத ஆசான்கள் வைத்திருந்த சொற்கள். பின்னால் வருவது மனப்பாட வாய்பாடு: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், தரிசனமானார். கிரேக்கத்தில் இந்த நான்குக்கும் முன்னால் ஒரே இணைப்புச் சொல் நான்கு முறை வருகிறது. பேதுரு என்று சொல்லாமல் 'கேபா' என்ற அரமேயப் பெயரைச் சொல்கிறது. 'பன்னிருவர்' என்ற பெயரைப் பவுல் தம் கடிதங்களில் வேறெங்கும் எடுப்பதில்லை. வாய்பாட்டைப் பவுல் இயற்றவில்லை, வாங்கினார்.

எப்போது வாங்கினார்? இங்கேதான் தேதிகள் முக்கியம். இந்தக் கடிதம் கி.பி. 54-ஐ ஒட்டி எழுதப்பட்டது. கொரிந்துவில் பவுலைக் கல்லியோன் என்ற அதிபதிக்கு முன்னால் நிறுத்தினார்கள் என்று நடபடிகள் 18 சொல்கிறது. கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதைக்கொண்டு அவருடைய பதவிக்காலத்தை 51–52 என்று கணிக்கிறார்கள். அப்படியானால் பவுல் கொரிந்தியருக்கு இதை வாய்மொழியாகச் சொன்னது 50, 51 வாக்கில். அவர் அதைக் கேட்டது அதற்கும் முன்னால். கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே கணக்குக் கொடுக்கிறார்: மனந்திரும்பி மூன்று வருஷம் சென்றபின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினார், யாக்கோபையும் பார்த்தார். வாய்பாட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிற இரண்டு பேர் யார்? கேபா, யாக்கோபு. சிலுவை கி.பி. 30 என்றாலும் 33 என்றாலும், இந்தச் சந்திப்பு முப்பதுகளைத் தாண்டுவது கடினம். கெர்ட் லூடமன் என்ற ஜெர்மன் ஆய்வாளர் உயிர்த்தெழுதலை நம்பாதவர். அவரே இந்த வாய்பாட்டின் கூறுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் உருவானவை என்று ஒப்புக்கொண்டார். 'நூறு வருஷத்தில் கதை வளர்ந்துவிட்டது' என்ற சந்தேகத்துக்கு இது பதில். வளர நேரமே இல்லை.

அதே பகுதியில், எழுந்தவரைக் கண்டதாகப் பவுல் சொல்கிற ஐந்நூறு பேரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. "நம்மிடம் ஐந்நூறு சாட்சிகள் இருக்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். ஐந்நூறு பேர் கண்டார்கள் என்று ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது, அவ்வளவுதான். அதன் கனம் எண்ணிக்கையில் இல்லை, அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள். கொரிந்து துறைமுகப் பட்டணம், கிழக்கே கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. அந்தச் சபையிலேயே பவுலை மதிக்காதவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு "போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிற தொனியில் எழுதுகிறார்.

இப்போது சந்தேகங்களில் வலுவானதற்கு வருவோம். "சீஷர்கள் பொய் சொல்லவில்லை, துக்கத்தில் மாயத்தோற்றம் கண்டார்கள்" என்பது அது. இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 1971-ல் வேல்ஸில் ஒரு மருத்துவர், துணையை இழந்த 293 பேரை விசாரித்து எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. ஆனால் அந்த விதவைகளில் யாரும் "என் கணவர் கல்லறையை விட்டு எழுந்துவிட்டார், போய்த் திறந்து பாருங்கள்" என்று புறப்படவில்லை. இறந்தவர் தோற்றமாக வந்தால், அவர் இறந்துதான் போனார் என்பதே உறுதியாகும். அன்றைய யூதரிடமும் இதற்குச் சொல் இருந்தது. சிறையிலிருந்து தப்பிவந்த பேதுரு கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தவர்கள் "அவருடைய தூதனாயிருக்கலாம்" என்றார்கள். உயிர்த்தெழுதலோ அவர்களுக்கு உலக முடிவில் எல்லாருக்கும் ஒன்றாக நடக்க வேண்டியது. நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராததை மனம் தானாகக் கட்டாது. மேலும் பவுல் துக்கத்தில் இல்லை, கிறிஸ்தவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தார். யாக்கோபு, தம் அண்ணனை விசுவாசியாத வீட்டாரில் ஒருவர் (யோவான் 7:5).

தோற்றம் மட்டும் என்றால் கல்லறையில் உடல் கிடந்திருக்கும். அதனால் சந்தேகம் கல்லறைப் பக்கம் திரும்புகிறது. "சிலுவையில் செத்தவனுக்குக் கல்லறை ஏது? நாய்க்குப் போட்டிருப்பார்கள்." ரோமப் பேரரசில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 1968-ல் எருசலேமின் வடகிழக்கில் ஒரு குடும்பக் கல்லறையில், யெகோகானான் என்ற பெயர் பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே வலது குதிகால் எலும்பு, அதில் பாய்ந்த 11.5 சென்டிமீட்டர் ஆணி. நுனி வளைந்திருந்ததால் பிடுங்க முடியாமல் காலோடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆணி நேராக இருந்திருந்தால் உருவி எடுத்திருப்பார்கள், நமக்கு இந்தச் சாட்சியே மிஞ்சியிருக்காது. சிலுவையில் அறையப்பட்டவர்களையும் யூதர்கள் சூரியன் மறையுமுன் அடக்கம் செய்தார்கள் என்று யோசேப்பஸும் எழுதுகிறார்.

"திருடிவிட்டார்கள்" என்பதுதான் மிகப் பழைய பதில், மத்தேயு காலத்திலேயே இருந்தது. காவலர் மத்தேயுவில் மட்டும் வருகிறார்கள், ஆகவே அதன்மேல் முழு வாதத்தையும் கட்ட வேண்டாம். கல்லறையில் கிடந்ததாக யோவான் சொல்கிற துணியைப் பாருங்கள். அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல், இன்றைய கணக்கில் சுமார் 33 கிலோ. பிசினும் வாசனைப்பொருளும் இடையில் வைத்துச் சுற்றிய சீலை அது. இருட்டில் பிணத்தைத் தூக்குகிறவன் கட்டோடு தூக்கிக்கொண்டு ஓடுவான். உட்கார்ந்து பிரித்து, தலைச்சீலையைத் தனியே சுருட்டி வைத்துவிட்டுப் போக மாட்டான்.

முதல் சாட்சிகள் பெண்கள். பெண்ணின் சாட்சியை ஏற்க வேண்டாம் என்று யோசேப்பஸ் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கிரேக்கத் தத்துவ அறிஞர் செல்சஸ் இதை வைத்தே கேலி செய்தார். பெண் சாட்சி எந்த விஷயத்திலும் செல்லாது என்று மிகைப்படுத்த வேண்டாம், சிலவற்றில் ஏற்றார்கள். ஆனால் கதை கட்டுகிறவன் இந்தத் தலைவலியைத் தானே தேடிக்கொள்வானா?

"நான்கு சுவிசேஷமும் முரண்படுகின்றனவே" என்பார்கள். சிலவற்றுக்கு எளிதில் பதில் வராது, ஒப்புக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு மூலத்தை நெருங்கிப் பார்த்தால் பதில் வரும். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும் கல்லறைக்கு வருகிறாள், மற்ற மூன்றிலும் அவளோடு வேறு பெண்களும் உண்டு. ஆனால் யோவான் 20:2-ல் பேதுருவிடம் ஓடிவந்து, அவரை எங்கே வைத்தார்கள் என்று 'எங்களுக்குத் தெரியாது' என்கிறாள். பன்மை. பதின்மூன்றாம் வசனத்தில் தூதரிடம் தனியாகப் பேசும்போது 'எனக்குத் தெரியாது' என்கிறாள். ஒருமை. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற பேதம் கிடையாது. தமிழில் உண்டு, அதனால் 'எங்களுக்கு' என்று மொழிபெயர்த்ததுமே அவளோடு வந்த மற்றவர்கள் நம் கண்ணில் பட்டுவிடுகிறார்கள்.

மூன்று நாள் கணக்கும் அப்படித்தான். வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை எப்படி மூன்று நாள்? யூதர் நாளின் ஒரு பகுதியையும் முழு நாளாக எண்ணுவார்கள். எஸ்தர் மூன்று நாள் அல்லும் பகலும் உபவாசம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளிலேயே ராஜாவிடம் போகிறாள். மாற்கு 16:9 முதல் 20 வரை உள்ள பகுதி மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய் ஏட்டிலும் வத்திக்கான் ஏட்டிலும் இல்லை. யாராவது அதைக் காட்டினால் திகைக்காதீர்கள். காலிக் கல்லறையும் "அவர் எழுந்தார்" என்ற செய்தியும் முதல் எட்டு வசனங்களிலேயே இருக்கின்றன.

மயக்கமடைந்து பிழைத்தார் என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மூன்று நண்பர்களைப் பற்றி யோசேப்பஸ் சொல்கிறார். வைத்தியம் பார்த்தும் இருவர் செத்தார்கள், ஒருவர் பிழைத்தார். ஆகப் பிழைப்பது முற்றிலும் முடியாத காரியம் அல்ல. ஆனால் அப்படிப் பிழைத்துத் தவழ்ந்து வருகிற ஒருவரைப் பார்த்தால் கட்டுப்போட ஆள் தேடுவார்களே தவிர, மரணத்தை வென்றவர் என்று கும்பிட மாட்டார்கள். இதை 1864-லேயே எடுத்துக்காட்டியவர் ஜெர்மன் இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸ், அவரும் நம் பக்கத்து ஆள் அல்ல. உயிர்த்தெழுதல் செய்தி மித்ரா, ஒசிரிஸ் என்ற பழங்காலத் தெய்வங்களின் கதைகளிலிருந்து எடுத்தது என்பதும் அப்படியே. மித்ரா இறந்து எழுந்ததாகக் கதையே இல்லை. ஒசிரிஸ் பாதாளத்துக்கு அரசனாகிறான், கல்லறையை விட்டு இந்த உலகத்துக்குத் திரும்புவதில்லை.

"பவுலே ஆவிக்குரிய சரீரம் என்றுதானே சொல்கிறார்?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். மரவண்டி என்றால் மரத்தால் செய்த வண்டி. மாட்டுவண்டி என்றால் மாட்டால் செய்த வண்டியா? மாடு இழுக்கிற வண்டி. பவுல் எடுத்த கிரேக்கச் சொல் இரண்டாவது வகை. எதனால் ஆனது என்பதை விட, எது இயக்குகிறது என்பதைச் சொல்கிற சொல். ஆவியானவர் இயக்குகிற சரீரம், ஆவியால் செய்த புகை அல்ல.

செத்தவர் எழுவதில்லை என்பது மனிதரின் ஒருமித்த அனுபவம் என்று 1748-ல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் எழுதினார். உண்மைதான், நமக்கும் அது தெரியும். பிணம் தானாக எழுந்தது என்று சபை ஒருபோதும் சொன்னதில்லை, தேவன் எழுப்பினார் என்கிறது. கடவுள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு வருகிறவருக்கு எந்தக் கல்லறை ஆதாரமும் போதாது. அவரோடு பேச்சைக் கல்லறையில் தொடங்காமல் கடவுளிடத்தில் தொடங்குங்கள். வரலாறு நம்மைக் காலிக் கல்லறை வரைக்கும், கண்டோம் என்று சொன்னவர்கள் வரைக்கும் கொண்டுபோகும். அதற்கு மேல் அது கைபிடித்து இழுக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. "காய்பாவுக்கும் பிலாத்துவுக்கும் காட்சி கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்குமே?" எல்லா ஜனங்களுக்கும் காட்சி தரவில்லை என்பதைப் பேதுருவே கொர்நேலியு வீட்டில் ஒளிக்காமல் சொல்கிறார் (நடபடிகள் 10:41). ஆனால் நண்பர்களுக்கு மட்டும் என்பதும் சரியல்ல. பிரதான ஆசாரியரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமஸ்குவுக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். அந்த ஆசாரியர் மாளிகைக்கு அவர் திரும்பி வந்து சொல்லியிருக்கக்கூடிய சாட்சியைத்தான், 'அகாலப்பிறவி போன்ற எனக்கும்' என்று பட்டியலின் கடைசி வரியில் எழுதிவைத்திருக்கிறார்.

இனி நீங்கள் கேளுங்கள்.