வயலில் விழுந்த விமானமும் ஒரு சமையல்காரரும்

விழாத் தலைவர் அவர்களே, இந்த அரங்கைக் கட்டிக்கொடுத்த பெரியவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மழையையும் பார்க்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பெற்றோர் சங்கத் தலைவருக்கும், மாணவ மணிகளுக்கும் என் நன்றி.

விமானம், விமானி, சட்டம் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

1940 செப்டம்பர் 5, இரண்டாம் உலகப் போர்க் காலம். இங்கிலாந்தில் கென்ட் பகுதி, மார்டன் ஊர்ப்பக்கம். அடிபட்ட ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானம் ஒன்று, வயிறு தரையில் தேய வயலில் வந்து இறங்குகிறது. உள்ளே ஃபிரான்ஸ் ஃபொன் வெர்ரா, வயது 26. அவரைப் பிடித்தது யார் தெரியுமா? பக்கத்து ராணுவப் பிரிவின் சமையல்காரர். கையில் ஆயுதமே இல்லை! தலைக்கு மேல் தினமும் சண்டை நடந்த காலம் அது. இரண்டே நாளில் லண்டன்மேல் குண்டுமழை தொடங்கிவிட்டது. இருந்தும் விமானி உயிரோடு சிறைக்குப் போனார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார் என் பாட்டி. அந்தச் சமையல்காரருக்குப் புத்தி மட்டாக இல்லை.

அப்புறம் கேளுங்கள். டிசம்பரில் ஃபொன் வெர்ரா, ஸ்வான்விக் போர்க்கைதி முகாமில் சுரங்கம் தோண்டித் தப்பினார். 'நான் டச்சு விமானி' என்று சொல்லி, ஹக்னல் என்ற பிரிட்டிஷ் விமானதளத்துக்குள்ளேயே போய், அவர்களுடைய ஹரிக்கேன் போர்விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்! கிளம்புவதற்குள் ஓர் அதிகாரி துப்பாக்கியை நீட்டினார், ஆனால் சுடவில்லை. இங்கேயும் பாட்டி சொன்னதுதான். பிறகு கனடாவுக்கு அனுப்பினார்கள். 1941 ஜனவரியில் ஓடும் ரயிலிலிருந்து குதித்து, உறைந்து கிடந்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனார். ஏப்ரலில் ஜெர்மனி வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எஞ்சின் பழுதாகிக் கடலில் விழுந்து இறந்தார்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 1949 ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதியை அடிக்காதே என்பதோடு நிற்கவில்லை. வேடிக்கைப் பொருளாக்காதே என்றும் சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நம் விமானி அபிநந்தன் பிடிபட்டபோது, ரத்தம் வழிந்த அவர் முகத்தைச் செல்போனில் பார்த்து நாம் துடித்தோமே! நாளை எதிரி நாட்டு விமானி இங்கே விழுந்தால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பில் ஒரு பாடமாக வர வேண்டும் என்றுதான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன். மனு வாசலில் இருக்கிறது. பெரியவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும்.