அந்தக் காகிதத்தின் பெயர் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் இலவச சட்ட உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காகிதத்தை நீட்டி, "நோட்டீஸ் வந்திருக்கு" என்பார்கள். வக்கீல் அனுப்பியதும் நோட்டீஸ், நீதிமன்றச் சம்மனும் நோட்டீஸ், காவல் நிலையத்துக்கு வரச் சொன்ன கடிதமும் நோட்டீஸ். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கு வேறு. பெயரை மாற்றிப் புரிந்துகொண்டால் கெடு தப்பிவிடும். கெடு தப்பினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கு கைவிட்டுப் போகும். அதனால்தான் சொற்களைப் பற்றிப் பேச வந்தேன்.

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிராளி தன் வழக்கறிஞர் மூலம் எழுதிய கடிதம். இன்னும் நீதிமன்றம் உள்ளே வரவில்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. காசோலை திரும்பி வந்த நோட்டீஸ் என்றால், கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அது குற்ற வழக்காகிவிடும்.

சம்மன் அப்படியல்ல. இரணியல் உரிமையியல் நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே நீதிமன்றத்தின் பெயர். அடுத்து அ.வ. அல்லது ஓ.எஸ். என்று போட்டு ஓர் எண், சாய்கோடு, ஆண்டு. அ.வ. என்றால் அசல் வழக்கு. வழக்கைப் போட்டவர் வாதி. யார்மேல் போட்டாரோ அவர் பிரதிவாதி. இதுவே மனுவாக இருந்தால் மனுதாரர், எதிர்மனுதாரர் என்று இருக்கும். பிரதிவாதி என்ற சொல்லைப் பார்த்ததும் பயந்துபோகிறவர்கள் உண்டு. அது குற்றவாளி என்ற பொருள் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர் என்றுதான் பொருள். கீழே ஒரு தேதி இருக்கும். அது முதல் வாய்தா. கூடவே வழக்குரை, அதாவது நம்மூரில் பிராது என்கிறோமே, அதன் நகல் இருக்க வேண்டும். இல்லை என்றால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வாய்தா இரண்டு மாதம் கழித்துத்தானே, அப்போது பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். எதிர்வழக்குரை, அதாவது பிராதுக்கு நீங்கள் எழுதும் பதில், அதைத் தாக்கல் செய்யும் கெடு வாய்தாவை வைத்துக் கணக்கிடுவதில்லை. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். அதனால் சம்மன் வந்த அன்றே உறையின்மேல் தேதியை எழுதி வையுங்கள். வாங்க மாட்டேன் என்று அமீனாவை, அதாவது சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியரை, திருப்பி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போவார். சட்டப்படி அது கொடுத்த கணக்குத்தான்.

வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு. அதை நீக்கச் சொல்லி மனுப் போட, தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் உண்டு. சம்மன் முறைப்படி வரவேயில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதுவும் கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். "உடம்பு சரியில்லை" என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. ஆஸ்பத்திரிச் சீட்டு, தேதி, எத்தனை நாள் படுக்கை எல்லாம் வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த ரசீது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டும்தான். வழக்குப் பதிவானால்தான் முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவுகள் இருக்கும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

இன்னொரு ஜோடி: வாரிசுச் சான்றிதழும் இறங்குரிமைச் சான்றிதழும். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று வட்டாட்சியர் கொடுப்பது முதலாவது. வங்கிப் பணம், வரவேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றை வாங்கிக்கொள்ள நீதிமன்றம் கொடுப்பது இரண்டாவது. நிலத்துக்கு இறங்குரிமைச் சான்றிதழ் வாங்கப் போவது வீண் அலைச்சல். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்னும் குடும்பங்களுக்கு, இறப்பைக் காட்ட வழியில்லாததால், இது மிகவும் வேதனையான இடம். 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. 2004 சுனாமி, 2017 ஓக்கிப் புயல் போன்ற பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்கள் சட்ட உதவிக்குத் தகுதியுள்ளவர்கள். தயங்காமல் கேளுங்கள்.

விடுதலைப் பத்திரம். இந்தச் சொல்லைப் பெண்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். "வீட்டு வரி பெயர் மாற்ற ஒரு கையெழுத்து" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே கையெழுத்தாவது விடுதலைப் பத்திரம் என்றால், குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பொருள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னும் "பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, பங்கு கிடையாது" என்கிறவர்கள் உண்டு. நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்துச் சட்டம் மகளுக்கு மிகக் குறைவாகத்தான் கொடுத்தது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே நீங்கிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு.

சரி, உதவிக்கு எங்கே போவது? நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிபதிதான் தலைவர். தக்கலை, குழித்துறை பக்கத்தில் உள்ளவர்கள் அங்குள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும். ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள்.

அங்கே முதலில் கையெழுத்து வாங்குவது வக்காலத்தில். உங்களுக்காக இவர் ஆஜராகலாம் என்று நீங்கள் கொடுக்கும் அதிகாரம் அது. வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். முன்பே வேறு வழக்கறிஞருக்கு வக்காலத்துக் கொடுத்திருந்தால், அவருடைய ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். இதைச் சொல்லாமல் மறைப்பதால்தான் பல மனுக்கள் திரும்பி வருகின்றன.

மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், சமரசம் பேசலாமா என்று கேட்பார்கள். நல்ல வழிதான். வழக்கு அங்கே சமரசமாக முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்தான உடன்பாடு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தொகை, தவணை, விளையின், அதாவது நிலத்தின், எல்லை அளவு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நிலத் தகராறுக்குப் போகும்போது பழைய ஆதாரத்தையும், அதாவது நிலப் பத்திரத்தையும், எடுத்துச் செல்லுங்கள். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தையது பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், தேதியும் கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாள ஆண்டாக, இருக்கும். 1124 என்று இருந்தால் அதோடு 824 கூட்டி 1948. தேதி மார்கழிப் பின்பாதி முதல் ஆடிக்குள் விழுந்தால் 825 கூட்டி 1949. படிக்க முடியவில்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். மொழிபெயர்ப்புச் செலவும் சட்ட உதவியில் சேர்த்திதான்.

தீர்ப்பு எதிராக வந்துவிட்டால் அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். மாவட்டத்துக்குள் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு 90 நாள். நகல் வாங்க ஆன நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. நகலில் உள்ள முத்திரையில் மனுப் போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழியாமல் வைத்திருங்கள். வழக்கறிஞர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வணக்கம்.