பந்து ஓடும்போது போர்டு ஏன் ஓடணும்?

வணக்கம் மக்களே. இன்னைக்கு யார் ஜெயிச்சா, யாரை டீம்ல எடுத்திருக்கணும்னு எல்லாம் பேசப் போறதில்ல. கிரிக்கெட் கிரவுண்டைச் சுத்தி மின்னிக்கிட்டே இருக்கே எல்இடி விளம்பரப் போர்டு, அதைப் பத்தி பேசணும். ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற விஷயம்.

ஒரு காட்சி நீங்க எல்லாருமே பார்த்திருப்பீங்க. பவுலர் ரன்-அப்ல பாதி தூரம் வந்துட்டார். பேட்ஸ்மேன் சட்டுனு கையைத் தூக்கிட்டு ஸ்டம்பை விட்டு விலகிடுவார். என்னன்னு பார்த்தா, சைட் ஸ்க்ரீன் ஓரமா, அதாவது பந்து தெளிவா தெரியணும்னு பவுலருக்குப் பின்னாடி பவுண்டரியில வைக்கிற பெரிய திரை ஓரமா, யாரோ ஒருத்தர் கையில சமோசாவோட நடந்து போறார். அம்பயர் கையை ஆட்டுவார், செக்யூரிட்டி ஓடுவார், பக்கத்து ஸ்டாண்ட் மொத்தமும் "உக்காருய்யா"ன்னு கத்தும். அவர் உக்கார்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும். அதைத் தப்புன்னு யாரும் சொல்றதில்ல. பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியணும், அவ்வளவுதான்.

அப்போ எனக்கு ஒரு கேள்வி. அவ்வளவு தூரத்துல ஒரே ஒரு ஆள் நடக்கிறதே தொந்தரவுன்னா, பவுண்டரி நெடுக ஆள் இடுப்பு உயரத்துக்கு சிவப்பும் மஞ்சளும் நீலமுமா ஓடுற வெளிச்சம் தொந்தரவு இல்லையா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும். பிட்ச்சோட நீளமே 20 மீட்டர் சொச்சம்தான். அரை வினாடிக்குள்ள பேட்ஸ்மேன் பந்தைப் பார்த்து, லெங்த் கணிச்சு, கால் எடுத்து வச்சு, பேட்டைக் கொண்டு வரணும். நம்ம கண்ணு நேரா பார்க்கிற இடத்துலதான் எல்லாம் துல்லியமா தெரியும். ஓரக்கண்ணுல உருவம் சரியா தெரியாது. ஆனா அசைவு மட்டும் உடனே தெரிஞ்சிடும். பைக் ஓட்டும்போது பக்கவாட்டுல ஒரு நாய் குறுக்க வந்தா, அது நாய்தான்னு புரியறதுக்கு முன்னாடியே நம்ம கால் பிரேக்குக்குப் போயிடுது இல்லையா? அந்தச் சக்தி நம்மளைக் காப்பாத்த உடம்புல இருக்கிறது. நகர்ற விளம்பரம் பிடிச்சு இழுக்கிறதும் அதே இடத்தைத்தான். நம்மளால திரும்பாம இருக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் அதை நகர விடறாங்க.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்சது கிடையாது. விதியிலேயே இருக்கு. ஐசிசியோட சர்வதேச ஆட்ட விதிமுறைகளை எடுத்துப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஸ்டம்புக்கு நேர் பின்னாடி வர்ற பவுண்டரி போர்டுல நகர்ற, பளிச் பளிச்னு மின்னுற, துடிக்கிற படம் எதுவும் வரக் கூடாது. விளம்பரத்தை மாத்தறதா இருந்தா ஆட்டக்காரருக்கும் அம்பயருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்துலதான் மாத்தணும். வெளிச்சத்தையும் கண்ணை உறுத்தாத அளவுக்குத்தான் வைக்கணும். சைட் ஸ்க்ரீனுக்கு முன்னாடி இருக்கிற போர்டோட நிறம் பந்தோட நிறத்துக்கு நேர்மாறா இருக்கணும்னு கூட எழுதியிருக்காங்க. சிவப்புப் பந்துக்கு வெள்ளை ஸ்க்ரீன், வெள்ளைப் பந்துக்குக் கறுப்பு ஸ்க்ரீன். அந்த ரெண்டு முனையில எவ்வளவு அக்கறை பாருங்க.

என் வருத்தம் எங்கேன்னா, அந்த அக்கறை ரெண்டு முனையோட நின்னு போச்சு. மிச்சம் இருக்கிற வட்டம் முழுக்க?

டீப் கவர்ல, அதாவது பக்கவாட்டுல பவுண்டரி ஓரமா நிக்கிற ஃபீல்டரோட இடத்துல இருந்து யோசிங்க. அவர் பேட்ஸ்மேனைப் பார்த்துத்தான் நிக்கிறார். பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி, எதிர்ப்பக்க பவுண்டரியில என்ன இருக்கு? மிட் விக்கெட் பக்கத்து எல்இடி போர்டு. பந்து மேல தூக்கி அடிச்சா பரவாயில்ல, வானத்துல தேடிக்கலாம். தட்டையா, நெஞ்சு உயரத்துக்கு ஒரு அடி வருதுன்னு வைங்க. அது கிளம்பற இடமே அந்தப் போர்டு முன்னாடிதான். அந்த நொடியில போர்டுல வெள்ளைப் பின்னணியோட ஒரு சோப்பு விளம்பரம் ஓடுச்சுன்னா, வெள்ளைப் பந்து அதுலேயே கரைஞ்சு போயிடும். இந்தப் போர்டெல்லாம் வெயில்லேயும் தெரியணும்னு செஞ்சது. நம்ம வீட்டு டிவியை விடப் பல மடங்கு பிரகாசம். ராத்திரி ஆட்டத்துக்கு அதைக் குறைச்சு வைக்கணும். குறைக்கிறது கஷ்டமான வேலையும் இல்ல, கன்ட்ரோல் ரூம்ல ஒரு அட்ஜஸ்ட்மென்ட்தான். குறைக்கலைன்னா பேட்ஸ்மேன் பக்கத்துல நிக்கிற விக்கெட் கீப்பருக்கும் கஷ்டம், ஸ்கொயர் லெக் அம்பயருக்கும் கஷ்டம்.

துபாய் ஸ்டேடியம் ஞாபகம் இருக்கா? மத்த இடத்துல மாதிரி உயரமான கோபுர விளக்கு அங்க கிடையாது. கூரை விளிம்பைச் சுத்தி வளையமா 350 விளக்கு. அதுக்கு "ரிங் ஆஃப் ஃபயர்"னே பேரு. பந்து அந்த வளையத்துக்குள்ள போச்சுன்னா ஃபீல்டருக்குக் கண்ணு கூசும், கேட்ச் எடுக்கச் சிரமம்னு அங்க ஆடப்போற சில டீம் தனியாவே அதுக்குப் பயிற்சி எடுத்திருக்காங்க. ஆனா அது விளக்கு. ஆட்டத்துக்கு வேணும்ங்கிற பொருள். போர்டு அப்படி இல்லையே.

இப்போ பெரிய ஸ்டேடியத்தை விடுங்க. நம்ம பக்கத்துக்கு வரேன். ராத்திரி டென்னிஸ் பால் டோர்னமெண்ட்லயும் இப்போ எல்இடி ஸ்க்ரீன் வந்துடுச்சு. போன சீசன்ல ஒரு ஊர் கிரவுண்டுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன், ஊர் பேரு வேணாம். ஸ்பான்சர் கொண்டு வந்த ஸ்க்ரீனை, ஜனங்க எல்லாருக்கும் தெரியற இடம்னு பார்த்து, பவுலர் கைக்கு நேர் பின்னாடி நிறுத்தியிருந்தாங்க. ஜெனரேட்டர் பக்கத்துலேயே ஓடுது. ஸ்க்ரீன்ல நகைக்கடை விளம்பரம், நெக்லஸ் சுத்திச் சுத்தி வருது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பளிச். முதல் ஓவர்லேயே ஒரு பையனுக்கு விலாவுல பந்து பட்டுச்சு. டென்னிஸ் பால்ங்கிறதால பெருசா ஒண்ணும் ஆகல. பேட்டை கீழ வச்சுட்டு "அண்ணே, பந்தே தெரியலண்ணே"ன்னு அம்பயர்கிட்ட சொல்றான். அம்பயர் போய் ஸ்க்ரீன் ஆபரேட்டர்கிட்ட நிறுத்தச் சொன்னார். அவர் என்ன பண்ணுவார் பாவம், "ஸ்பான்சர் இங்கதான் சேர்ல உக்காந்திருக்கார், நான் எப்படி சார் நிறுத்தறது"ன்னார். கடைசியில கமிட்டிக்காரங்க ரெண்டு பேர் பந்தல்ல கிடந்த நீலத் தார்ப்பாயைத் தூக்கிட்டு வந்து ஸ்க்ரீன் மேல போட்டு, நாலு மூலையையும் கயிறால கட்டிட்டாங்க. ஓவர் முடிஞ்சா எடுக்கிறது, அந்த முனையில இருந்து அடுத்த ஓவர் போடும்போது திரும்பப் போடறது. மேட்ச் முழுக்க அப்படியே ஓடுச்சு. அந்த ஸ்பான்சரும் கோவிச்சுக்கல. பந்து இல்லாத நேரத்துல எல்லாரும் அவர் விளம்பரத்தைத்தான் பார்த்தாங்க.

நான் கேக்கறதும் அவ்வளவுதான் மக்களே. பவுலர் ஓட ஆரம்பிச்சா, கிரவுண்டைச் சுத்தி இருக்கிற எல்லா போர்டும் அப்படியே நிக்கணும். அணைக்கச் சொல்லல. அந்த நேரத்துல என்ன படம் இருக்கோ அது அசையாம நிக்கட்டும். பந்து டெட் ஆனதும், அதாவது அந்தப் பந்தோட ஆட்டம் முடிஞ்சதும், திரும்ப ஓட்டிக்கட்டும்.

"அப்போ காசு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. விளம்பரப் பணம் இல்லாம இன்னைக்குப் பெரிய ஆட்டம் எதுவுமே நடக்காது. ஆனா எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு டி20 மேட்ச்ல 240 பந்து. வைட், நோ பால் எல்லாம் தனி. ரன்-அப் தொடங்கி பந்து டெட் ஆகிற வரைக்கும், தாராளமாவே வச்சுக்குவோம், பத்து வினாடி. மொத்தம் 2,400 வினாடி. 40 நிமிஷம். மேட்ச் நடக்கிறது மூணு மணி நேரத்துக்கு மேல. பவுலர் திரும்பி நடந்து போற நேரம், ஓவர் மாறுற நேரம், ரிவியூ நேரம், விக்கெட் விழுந்து அடுத்தவர் வர்ற நேரம், ஐபிஎல்னா ரெண்டரை நிமிஷ டைம்-அவுட் வேற நாலு தடவை. எல்லாமே போர்டுக்குத்தான் இருக்கு. அந்த 40 நிமிஷத்துலயும் கம்பெனி பேரு போர்டுல இருக்கத்தான் போகுது. அசையாது, அவ்வளவுதான். கால்பந்துல இப்படிச் சுலபமா நிறுத்த முடியாது, அங்க பந்து ஓடிக்கிட்டே இருக்கும். கிரிக்கெட்டுக்கு அந்த வசதி இயல்பாவே இருக்கு. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

இன்னொரு பதில் வரும், "ரசிகர்களுக்காகத்தான் இதெல்லாம்"னு. 2023 ஒருநாள் உலகக் கோப்பை, அக்டோபர் 25, டெல்லி. ஆஸ்திரேலியா - நெதர்லாந்து. மேக்ஸ்வெல் 40 பந்துல சதம் அடிச்சார், உலகக் கோப்பையிலேயே வேகமான சதம். அந்த மேட்ச்ல ட்ரிங்ஸ் இடைவேளையில விளக்கை அணைச்சு லைட் ஷோ நடத்தினாங்க. மேட்ச் முடிஞ்சு மேக்ஸ்வெல் என்ன சொன்னார்னா, முன்னாடி பெர்த்ல ஒரு பிக் பாஷ் மேட்ச்ல இதே மாதிரி நடந்தப்போ தனக்குக் கடுமையான தலைவலி வந்துச்சு, கண்ணு பழைய நிலைக்கு வர நேரம் ஆகுது, ரசிகர்களுக்கு நல்லா இருக்கலாம் ஆனா ஆடறவங்களுக்கு இது கொடுமைன்னு. அதே டீம்ல அதே மேட்ச் ஆடின வார்னர், எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, எல்லாமே ரசிகர்களுக்காகத்தானேன்னு எழுதினார். ரெண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி இருக்காது, அதனால வார்னர் சொன்னதை நான் பொய்ன்னு சொல்ல மாட்டேன். ஆனா விதி போடும்போது யாருக்குக் கூசுதோ அவரை வச்சுத்தான் போடணும். மேக்ஸ்வெல்லாவது இடைவேளையில நடந்ததுக்குத்தான் வருத்தப்பட்டார். போர்டு பந்து வந்துக்கிட்டு இருக்கும்போதே ஓடுது.

ரசிகர்ங்கிற பேர்ல நானும் ஒருத்தன்தான். டிக்கெட் எடுத்து உக்கார்றேன். நான் கேட்டது பந்தைப் பார்க்கணும்னு. எதிர் ஸ்டாண்ட்ல உக்காந்தா, கவர் டிரைவ் அடிச்ச பந்து கயிறுக்குப் பக்கத்துல போகும்போது பின்னாடி மின்னுற போர்டுல எங்க போச்சுன்னே தெரியல. ஃபீல்டர் காலால தடுத்தாரா, பந்து கயிறைத் தொட்டுச்சா? ரீப்ளே பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறோம். அந்த சூப்பர் ஸ்லோ மோஷன்ல கவனிங்க, போர்டு முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையா துடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அந்த எல்இடி அணைஞ்சு அணைஞ்சு எரியுது, வேகமான கேமரா அதைப் பிடிச்சிடுது.

இன்னொரு விஷயம், இதை லேசா எடுத்துக்காதீங்க. வலிப்பு நோய் இருக்கிறவங்கள்ல சிலருக்கு மின்னுற வெளிச்சமே வலிப்பைத் தூண்டிடும். 2007-ல லண்டன் ஒலிம்பிக் சின்னத்துக்காகச் செஞ்ச அனிமேஷன் படத்துல ஒரு பகுதியை, அதைப் பார்த்துச் சிலருக்கு வலிப்பு வந்துச்சுன்னு புகார் வந்ததும் இணையதளத்துல இருந்து எடுத்துட்டாங்க. இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டுதல்லயே ஒரு வினாடிக்கு மூணு தடவைக்கு மேல மின்னக் கூடாதுன்னு இருக்கு. கம்ப்யூட்டர் திரைக்கே இந்தக் கவனம்னா, ஸ்டேடியத்துல தலையைத் திருப்பினாலும் தப்பிக்க முடியாத வெளிச்சத்துக்கு எவ்வளவு கவனம் வேணும்.

"டிவியில மட்டும் டிஜிட்டலா ஒட்டிடலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. வட அமெரிக்காவுல என்ஹெச்எல்ங்கிற ஐஸ் ஹாக்கி லீக்ல 2022-23 சீசன்ல அதைத்தான் செஞ்சாங்க. மைதானத்துல இருக்கிற பலகை மேல, டிவி பார்க்கிறவங்களுக்கு மட்டும் வேற விளம்பரம் தெரியும். ஆடறவங்களுக்கு நிம்மதி. ஆனா வீட்டுல பார்க்கிறவங்க கொதிச்சுட்டாங்க, ஏன்னா ஆட்டம் ஓடும்போதே விளம்பரமும் நகர்ந்துச்சு. பிரச்சினை எங்க இருக்குன்னு இதுலேயே தெரியுதே. விம்பிள்டன் டென்னிஸ்ல கோர்ட்டைச் சுத்தி அடர்பச்சை, அடக்கமா சில பேரு, அவ்வளவுதான். அங்க பணம் வராமயா இருக்கு?

இப்போ உங்ககிட்ட ஒரு வேலை. அடுத்து நீங்க ஸ்டேடியம் போனா, ஒரே ஒரு ஓவர் பேட்ஸ்மேனைப் பார்க்காம போர்டைப் பாருங்க. பவுலர் ஓடி வரும்போது நேர் முனையில இருக்கிற போர்டு நிக்குதா? பக்கவாட்டுல இருக்கிறது நிக்குதா? எந்த ஸ்டாண்ட்ல உக்காந்தீங்க, பகலா ராத்திரியா, எந்தப் போர்டு ஓடுச்சு, இதைக் கமெண்ட்ல எழுதுங்க. உள்ளூர் டோர்னமெண்ட் நடத்துற கமிட்டிக்காரங்க யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா, ஸ்பான்சர்கிட்ட ஒப்பந்தம் பேசும்போதே இந்த ஒரு வரியைச் சேர்த்துடுங்க: ஸ்க்ரீன் பவுலர் கைக்குப் பின்னாடி வராது, பந்து போடும்போது ஓடாது. வர்ற கமெண்ட் எல்லாத்தையும் நான் கிரவுண்ட் வாரியா பிரிச்சு, ஒரு கடிதமா எழுதி மாநில கிரிக்கெட் சங்கத்துக்கு அனுப்பப் போறேன். அனுப்பின கடிதத்தை அப்படியே அடுத்த வீடியோவுல காட்டறேன்.