சிற்றன்னைக்கு ஒரு பள்ளிப்படை

அவையோருக்கு வணக்கம்.

காளத்திக்குப் பக்கத்தில் இருக்கும் தொண்டமநாட்டுச் சிவன் கோயிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். அது முதலாம் ஆதித்த சோழனின் பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். 907-ல் அவன் இறந்தபோது இவ்வூருக்குத் தொண்டைமானாற்றூர் என்று பெயர். மகன் பராந்தகன் இந்தக் கோயிலை எடுத்தான். அரசரின் சாம்பலையோ எலும்பையோ வைத்த இடத்தின் மேல் லிங்கம் நிறுவி, பூசையும் விழாவும் நடத்துவது அன்றைய வழக்கம். இங்கே மகாவிரதிகள் என்ற சைவத் துறவிகளுக்குச் சோறிடவும் ஏற்பாடு இருந்தது.

சரி, அரசிகளுக்கு? நான் பேச வந்தது அதைத்தான்.

கும்பகோணத்தை ஒட்டிய பட்டீச்சரம் பக்கம் இராமநாதன் கோயில் என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள சிவன் கோயிலுக்குக் கல்வெட்டில் பெயர் பஞ்சவன் மாதேவீச்சரம். பள்ளிப்படை என்று அதுவே தெளிவாகச் சொல்கிறது. பஞ்சவன் மாதேவி இராசராசனின் தேவிகளில் ஒருத்தி, பழுவூர்ச் சிற்றரசர் குடும்பத்துப் பெண். கோயிலை எடுத்தவன் இராசராசனின் மகன் இராசேந்திரன். அவனைப் பெற்றவள் திரிபுவன மாதேவி, இவள் சிற்றன்னைதான். நம் கதைகளில் சிற்றன்னை என்றாலே பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புகிறவள். இங்கே சோழரின் இரண்டாம் தலைநகராக இருந்த பழையாறையிலேயே, அதாவது இந்தப் பட்டீச்சரம் பகுதியிலேயே, அவளுக்குக் கற்கோயில் எழுந்து, பூசைக்கும் ஏற்பாடாகிறது. அரசியல் காரணம் இருக்கலாம், பழுவூரார் சாமானியர் அல்லர். ஆனாலும் எனக்கு இதில் பாசம்தான் அதிகம் தெரிகிறது. அரசியலுக்கு ஒரு ஊரை அவள் பெயரால் தானம் செய்திருந்தாலே போதுமே!

இதே வீட்டில் இன்னொரு சாவு. இராசராசனின் தந்தை சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்ததும், இராசராசனின் தாய் வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினாள். திருக்கோவலூர்க் கல்வெட்டு அவளை, 'சுரந்த முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்' என்று பாடுகிறது. பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கியதைப் புகழ்கிறான் அந்தக் கவிஞன். கவிதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மகள் குந்தவை செய்தது வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பா அம்மா இருவருக்கும் படிமம் செய்து வைத்தாள்.

அப்புறம் 1044. இராசேந்திரன் இறக்கிறான். அவன் தேவி வீரமாதேவியும் தீயில் இறங்குகிறாள். இதைச் சொல்லும் கல்வெட்டு காஞ்சி வட்டாரத்துப் பிரமதேசத்தில் இருக்கிறது. அவளுடன் பிறந்தவன் சேனாபதி, பெயர் மதுராந்தகன் பரகேசரி வேளான். படை நடத்திய அந்த ஆள் கோயில் எடுக்கவில்லை, பாட்டும் எழுதச் சொல்லவில்லை. நெருப்பில் போன பெண்ணின் நினைவாக அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான்.