பெரியவங்க பார்த்து வைக்கிற கல்யாணம்: "வேண்டாம்"னு சொல்ல முடியுதா?

[திரையில்: பிள்ளையார் சுழி போட்ட ஒரு மாப்பிள்ளை பயோடேட்டா]

நட்சத்திரம், ராசி, உயரம், சம்பளம், சொந்த வீடு. கடைசி வரியில "எதிர்பார்ப்பு: நல்ல குடும்பத்துப் பெண்". அத்தை, சித்தப்பா, அப்பாவோட பழைய ஆபீஸ் நண்பர்னு வாட்ஸ்ஆப்ல கை மாறி, உங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வந்திருக்கும். காதல் கல்யாணமா, பார்த்து வைக்கிற கல்யாணமான்னு இங்க பட்டிமன்றம் நடத்தப் போறதில்ல. இந்த ஏற்பாட்டுல எது உதவுது, எது இடிக்குதுன்னு பார்ப்போம்.

இதுல எனக்குப் பெரிய பலமாத் தெரியறது விசாரணைதான். பையன் இருக்கிற தெருவுல டீக்கடைக்காரர், வீட்டு ஓனர், அவன் கம்பெனியில வேலை பாக்குற யாரோ ஒரு தூரத்துச் சொந்தம். குடி உண்டா, கடன் உண்டா, முன்னாடி ஒரு நிச்சயம் ஆகி நின்னு போச்சா? எந்த ஆப்பும் இதைச் சொல்லாது. மாமாக்கள் ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுடுவாங்க.

அடுத்தது ஆள்பலம். குழந்தை பிறந்தாலும் சரி, வேலை போனாலும் சரி, ரெண்டு வீடும் வந்து நிக்கும். "நீயா தேடிக்கிட்டதுதானே"ன்னு யாரும் கைகழுவ முடியாது.

ஆனா அதே சொந்தக்காரங்கதான், அடி வாங்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா"ன்னும் சொல்றாங்க. பார்த்து வெச்ச கல்யாணத்துல விவாகரத்து கம்மி, அதனால அதுதான் சிறந்ததுன்னு வாதாடுறவங்க இதைக் கணக்குல சேர்க்கிறதே இல்ல. பிரியாம இருக்காங்கன்னா, பிரிய வழியில்லாமலும் இருக்கலாம்.

[திரையில்: சீர்வரிசைத் தட்டுகள்]

இப்ப பணம். இன்னைக்கு யாரும் வாய்விட்டு வரதட்சணை கேக்கிறதில்ல. "நாங்க எதுவும் கேக்கலைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." அவ்வளவுதான். அடுத்த பேச்சு, "மூத்த மருமகளுக்கு அவங்க வீட்டுல அறுபது பவுன் போட்டாங்க." கேள்வியே இல்ல, ஆனா பதில் வந்தாகணும்!

1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் இப்ப இருக்கிறபடி, கொடுத்தாலும் வாங்கினாலும் பொதுவா குறைஞ்சது 5 வருஷம் சிறை. கேக்காமலே கொடுக்கிற பரிசுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுக்கும் பட்டியல் எழுதி வெச்சிருக்கணும், பொண்ணு வீட்டுக்காரங்க கொடுக்கிறது வழக்கமானதா, அவங்க வசதிக்கு மீறாததா இருக்கணும். சீர் முழுக்க நுழையறது இந்தக் கதவு வழியாத்தான். எத்தனை கல்யாணத்துல அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கீங்க? மொய் நோட்டு மட்டும் தவறாம இருக்கும்.

செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம், "கொஞ்சம் கலர் கம்மி" எல்லாம் உங்களுக்கே தெரிஞ்ச கதை. சாதி அப்படிக் கடந்து போற விஷயம் இல்ல. வரன் தேடுற இணையதளங்கள் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுலயும் பலர் முதல்ல தொடுற வடிகட்டி சாதிதான், அதுக்குள்ள உட்பிரிவு வேற. இந்த வேலியைத் தாண்டினவங்க உயிரே போயிருக்கு. 2016-ல உடுமலைப்பேட்டையில பட்டப்பகல்ல, நடுரோட்டுல, வேற சாதிப் பொண்ணைக் கல்யாணம் பண்ணின சங்கரை வெட்டினதை நாடே சிசிடிவியில பார்த்துச்சு. வயசுக்கு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சா போதும், குடும்பத்தோட அனுமதியோ சமூகத்தோட அனுமதியோ தேவையில்லைன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தெளிவாவே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1967 சட்டத் திருத்தத்துல, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும்னு ஆயிடுச்சு. சட்டம் போன தூரம் நம்ம வீட்டுக் கூடம் வரலை.

[திரையில்: மண்டபத்து முன்பணம் கட்டின ரசீது]

அதனால யார் தேடினாங்கங்கறதை விட, "வேண்டாம்"னு சொன்னா எடுபடுதாங்கறதைத்தான் நான் பார்ப்பேன். பஜ்ஜித் தட்டோட நிக்கிறப்ப, பத்துப் பேர் முன்னாடி "புடிச்சிருக்கா?"ன்னு கேட்டா அது சம்மதம் கேக்கிறதா? பையன்களுக்கும் இதே சிக்கல் உண்டு. "அம்மாவுக்குப் புடிச்சிருக்கு"ன்னு தலையாட்டிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். நிச்சயம் முடிஞ்சு, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடிச்சாச்சுன்னா அப்புறம் மனசு மாறினாக்கூட வாய் திறக்க மாட்டாங்க.

நீங்க பெத்தவங்களா இருந்தா, ரெண்டு பேரையும் ரெண்டு மூணு மாசம் பேசிப் பழக விடுங்க. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, உங்க பிள்ளையைத் தனியா கூப்பிட்டுக் கேளுங்க. வேண்டாம்னு பதில் வந்தா, தரகர்கிட்டயும் அந்த வீட்டுலயும் அதைச் சொல்ல வேண்டியது நீங்கதான்.